கூத்தப்பாக்கத்தில் தரைத்தள வீடு: அது அனுமதி பெற்ற குடியிருப்புதானா என்று வாடகைக்கு வருபவர் எப்படி அறிந்துகொள்வது?

மாற்றலாகி வருபவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அலுவலக மாற்றலில் குடும்பத்துடன் கடலூருக்கு வருகிறோம். என் மாமியாரால் மாடிப்படி ஏற முடியாது என்பதால் தரைத்தள வீடாகவே தேடினோம். கூத்தப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. வாடகை 11,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம். டோக்கனாக 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை.

வீட்டை இரண்டாம் முறை நிதானமாகப் பார்த்தபோதுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. மேலே மூன்று மாடிகளிலும் மாடிக்கு இரண்டாக ஆறு வீடுகள் இருக்கின்றன. தரைத்தளத்தின் ஒரு பாதியில் இருசக்கர வாகனங்களை நிறுத்துகிறார்கள், மறுபாதியில்தான் இந்த வீடு இருக்கிறது. கூடத்தின் நடுவே, சுவரோடு ஒட்டாமல், ஒரு தூண் தனியாக நிற்கிறது. குளியலறைக்குள் நுழைய இரண்டு படி ஏற வேண்டியிருக்கிறது. கையை உயர்த்தினால் மின்விசிறியின் இறக்கை எட்டிவிடும்போல் இருக்கிறது. நுழைவாயிலில் உள்ள பெயர்ப்பலகையில் ஆறு குடும்பங்களுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வாகன நிறுத்துமிடத்தைச் சுவர் எழுப்பி வீடாக்கிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டுத் தரகரிடம் கேட்டேன். "வீட்டு வரி ரசீது இருக்கிறது, ஈ.பி. கார்டு இருக்கிறது, இதற்கு மேல் என்னம்மா வேண்டும்?" என்றார். இரண்டையும் காட்டவும் செய்தார். இவை போதுமா? போதாதென்றால் எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்க வேண்டும்? அனுமதி இல்லாத வீடு என்று தெரிந்தால் அதனால் உரிமையாளருக்குத்தான் சிக்கலா, குடியிருக்கும் எங்களுக்கும் உண்டா? என் கணவர் புதுச்சேரியில் வேலை பார்ப்பதால் அரியாங்குப்பம் பக்கமும் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே நடைமுறை வேறாக இருக்குமென்றால் அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கட்டட வரைவாளர் (பதில்)

அம்மா, வணக்கம். கடலூரில் பல ஆண்டுகளாகக் கட்டட வரைபடம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் காகிதத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

முதலில் வரி ரசீது. கட்டடம் ஒன்று இருக்கிறது, அதில் ஆள் குடியிருக்கிறார் என்றால் மாநகராட்சி அதற்கு வரி விதித்து வசூலிக்கும். வரி வாங்கியதாலேயே அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டதாகப் பொருளில்லை. மின் இணைப்பும் அப்படித்தான். ஆனால் மின் கட்டண அட்டையில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு, அது கட்டண விகிதம். வீட்டு உபயோக இணைப்பு என்றால் ஒன்று-ஏ என்று இருக்கும். ஐந்து என்றிருந்தால் அது வணிக இணைப்பு, ஆறு என்றிருந்தால் தற்காலிக இணைப்பு, அதாவது கட்டுமானப் பணிக்காக வாங்கியது. கட்டி முடித்துக் குடியேறிய பிறகும் ஆறாம் விகிதத்திலேயே ஒரு வீடு ஓடிக்கொண்டிருந்தால், நிரந்தர இணைப்பு வாங்கத் தேவையான ஏதோ ஒரு காகிதம் உரிமையாளரிடம் இல்லை என்று ஊகிக்கலாம். இணைப்பு எண் மேல்மாடி வீட்டுக்கோ பொது மோட்டாருக்கோ உரியதாக இருந்து, உங்களுக்கு உள்மீட்டர் மட்டும் வைத்திருக்கிறார்களா என்பதையும் மீட்டர் பலகையின் முன் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழு வீட்டுக்கு ஆறு வீட்டு மீட்டரும் ஒரு பொது மீட்டரும்தான் இருக்கின்றன என்றால் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லக்கூடிய காகிதம் ஒன்றுதான்: முத்திரையிட்டு எண் கொடுக்கப்பட்ட அனுமதி வரைபடம். தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு அடுக்கு உண்டு. நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்கீழ் கொடுப்பது திட்ட அனுமதி. உள்ளாட்சி அமைப்பு கொடுப்பது கட்டட அனுமதி. சிறிய கட்டடங்களுக்கு இரண்டும் உள்ளாட்சி அலுவலகத்திலேயே முடிந்துவிடும், பெரியவை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். கடலூர் 2021-இல்தான் மாநகராட்சியானது என்பதால், அதற்கு முன் கட்டிய கட்டடமென்றால் அனுமதித் தாளில் நகராட்சி ஆணையரின் முத்திரை இருக்கும். சுற்றுவட்டாரத்தில் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளையும் சிலர் நீட்டுவார்கள். பல மாடி அடுக்ககத்துக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 2024 ஜூலையில் வந்த சுய சான்றிதழ் முறையும் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரையும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கென்றுதான் கொண்டுவரப்பட்டது. அடுக்ககத்தைக் காட்டி அந்தச் சான்றிதழை யாராவது கொடுத்தால் அது வேறு கட்டடத்துடையது.

வரைபடத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். மேலே அல்லது பக்கவாட்டில் உள்ள அட்டவணையில் எத்தனை குடியிருப்புகள் என்று எண்ணிக்கை எழுதியிருக்கும். தரைத்தள வரைபடத்தில் உங்கள் வீடு நிற்கும் இடத்தில் அறைகள் வரையப்பட்டிருக்கின்றனவா, அல்லது தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் கட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றனவா என்பது தெரியும். குறுக்கு வெட்டுத் தோற்றத்தில் அந்தத் தளத்தின் உயரம் இருக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி உயரமாவது வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்துக்கு 2.4 மீட்டர் போதும். மின்விசிறி கைக்கு எட்டுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். குளியலறை இரண்டு படி உயர்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. வாகன நிறுத்துமிடத்தின் தளத்தைக் கொத்தாமல், கழிவுநீர்க் குழாயைத் தளத்துக்கு மேலேயே ஓட்டி, அதை மூடக் கல்லும் மணலும் கொட்டி உயர்த்துவார்கள். முதலிலேயே வீடாகத் திட்டமிட்டிருந்தால் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

வாகன நிறுத்துமிடத்தை ஏன் இப்படி மாற்றுகிறார்கள் என்றால், அந்தப் பரப்பு தளப்பரப்புக் குறியீட்டில் சேராது. மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்ற வரம்பை மாடிகளிலேயே தீர்த்துவிட்டு, கணக்கில் வராத தரைத்தளத்தைப் பிறகு சுவர் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். பணம் கூடுகிறது, வண்டிகள் தெருவுக்கு வருகின்றன.

பணி நிறைவுச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு இதிலிருந்து விலக்கு தரப்பட்டது, அந்த வரம்பும் பிறகு திருத்தப்பட்டது. ஆகவே சான்றிதழ் இல்லை என்பதாலேயே ஒரு வீட்டைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிடக் கூடாது. வரைபடம் இல்லை என்பது அப்படியல்ல.

இவ்வளவும் காகிதச் சங்கதி. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கிற ஊர் இது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீர் வந்தபோது என்ன ஆனது என்பதை இங்கே எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வந்தால் போகட்டும் என்று விடப்பட்ட தளத்தில் ஒரு முதியவரைப் படுக்க வைக்கப் போகிறீர்கள். ஆகவே தரைமட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்பதை அனுமதி விஷயத்தோடு சேர்த்தே பாருங்கள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் வண்டிகள் நிற்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வீட்டு உரிமையாளர், திருப்பாதிரிப்புலியூர் (பதில்)

மேலே சொன்னவற்றில் தவறில்லை. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் அங்குலம் பிசகாமல் பொருந்தும் கட்டடத்தை இந்த ஊரில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் ஓரடி குறைந்திருக்கும், மொட்டை மாடியில் ஓர் அறை கூடியிருக்கும். எங்கள் தெருவில் இருப்பவை தாத்தா காலத்து ஓட்டு வீடுகள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன் கட்டியவற்றுக்கு வரைபடம் எங்கே போய்த் தேடுவது? அவற்றை இரண்டு மூன்று போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறோம், குடியிருப்பவர்களும் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். வாடகைக்கு வருகிறவர் எடுத்த எடுப்பிலேயே அனுமதி வரைபடத்தைக் கேட்டால், இவர் நாளைக்கு என்னென்ன வழக்குப் போடுவாரோ என்றுதான் உரிமையாளர் நினைப்பார். வீடு இல்லையென்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். மாமியாரோடு அலையப் போவது நீங்கள்தான், சகோதரி.

கட்டட வரைவாளர் (பதில்)

உரிமையாளர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எல்லா மீறலும் ஒன்றல்ல. பக்கவாட்டு இடத்தில் ஓரடி குறைந்திருப்பது உரிமையாளருக்கும் மாநகராட்சிக்கும் இடையிலுள்ள கணக்கு, அதற்காக இரண்டாம் மாடியில் அனுமதியோடு உள்ள வீட்டில் குடியிருப்பவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய ஓட்டு வீட்டைப் போர்ஷனாகப் பிரித்ததும் அப்படித்தான். அங்கே வரைபடத்துக்குப் பதிலாகப் பழைய வரிப் பதிவேடும் மூலப் பத்திரமும் வீட்டின் வயதைச் சொல்லும், அதற்கு மேல் கேட்பதில் பயனில்லை. ஆனால் வரைபடத்தில் வீடே இல்லாத இடத்தில் ஒரு வீடு இருக்கிறது என்றால், நடவடிக்கை என்று வரும்போது முதலில் காலி செய்யச் சொல்வது அந்த வீட்டைத்தான். மீறலைச் சரிசெய்ய உரிமையாளருக்கு உள்ள எளிய வழியும் அந்தச் சுவர்களை இடிப்பதுதான்.

"113-சி-இல் வரன்முறைக்குப் போட்டிருக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். மீறிக் கட்டியதைப் பிறகு முறைப்படுத்துவதற்கான நகர் ஊரமைப்புச் சட்டப் பிரிவு அது; 2007 ஜூலை 1 அல்லது அதற்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்குத்தான் பொருந்தும். மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளைப் பற்றியது. மனையை வரன்முறைப்படுத்திய ஆணையைக் காட்டி, கட்டடத்துக்கே அனுமதி வாங்கியதுபோல் பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

வழக்கறிஞர், மஞ்சக்குப்பம் (பதில்)

வரைவாளர் ஐயா தொடாத சட்டப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ கட்டப்பட்டதை அகற்றவும், பயன்பாட்டை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் வழி செய்கின்றன. இதற்கான அறிவிப்பு உரிமையாளருக்கு மட்டுமின்றிக் குடியிருப்பவருக்கும் வரும். மீறிக் கட்டியது நீங்களல்ல. ஆனால் பூட்டு விழும்போது உள்ளே இருப்பவை உங்கள் பாத்திரம் பண்டங்கள்தான். எல்லா மீறல்களுக்கும் நடவடிக்கை வருகிறதா என்றால் இல்லை. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரோ, வண்டி நிறுத்த இடமில்லாத மேல்மாடிக்காரரோ புகார் கொடுக்கும்போதுதான் கோப்பு நகரும். உங்கள் விஷயத்தில் ஆறு குடும்பங்களின் வண்டி இடத்தில் ஏழாவது குடும்பமாகப் போகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் அனுமதியற்ற கட்டடங்கள் பற்றிக் கொடுத்த தீர்ப்பில், நிறைவுச் சான்று இல்லாமல் குடியேற்றக் கூடாது, மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளையும் அதைப் பார்த்தே கொடுக்க வேண்டும் என்று கடுமையான நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. ஆகவே புகார் வந்தால் அதிகாரிகள் முன்போல மெத்தனமாக இருப்பது கடினம்.

ஒரே உரிமையாளர் கட்டடம் முழுவதையும் வைத்திருக்கிறாரா, ஆறு வீடுகளும் தனித்தனியாக விற்கப்பட்டுவிட்டனவா என்பது அடுத்த கேள்வி. விற்கப்பட்டிருந்தால் தரைத்தள நிறுத்துமிடம் எல்லோருக்கும் பொதுவானது. அதை வாடகைக்கு விட உங்கள் ஆளுக்கு உரிமையே இல்லாமல் இருக்கலாம். இதை அறிவது எளிது. பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிரிக்கப்படாத மனைப் பங்கு என்று ஆறு கிரையங்கள் வரிசையாக இருந்து, ஆறு பங்குகளும் சேர்ந்து மனை முழுவதையும் தீர்த்துவிட்டன என்றால், ஏழாவது வீட்டுக்கு நிலத்தில் பங்கே கிடையாது. வரைபடம் கிடைக்காதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை என்பது என் கருத்து. உரிமையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடமும் இல்லை.

தகவல் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதியும் கேட்கலாம். வரைபடத்தின் நகலைக் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்க வாய்ப்புண்டு. கதவு எண்ணைக் குறிப்பிட்டு, அனுமதி எண், நாள், அனுமதிக்கப்பட்ட தளங்கள், குடியிருப்புகளின் எண்ணிக்கை, தரைத்தளத்தின் பயன்பாடு ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால் அவசரத்துக்கு இது உதவாது.

வாடகைக்கான சட்டத்துக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையவழியே பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதிவிட்டால் எதையும் பதிய வேண்டாம் என்பது பழைய பழக்கம், இந்தப் பதிவுக்கு அது பொருந்தாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. நீங்களே ஒப்புக்கொண்டு எழுதினால் கூடுதலாக வாங்க அதே பிரிவு இடம் கொடுக்கிறது, ஆகவே ஒரு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் 33,000 என்று பேசிப் பாருங்கள். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும், தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பவையும் அச்சட்டத்தில் உண்டு. உரிமையாளர் பதிவுக்கு வர மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள். வருமான வரிக்குப் பயந்து மறுப்பவர்களும் உண்டு, அந்த வீட்டைக் காகிதத்தில் காட்டவே முடியாதவர்களும் உண்டு.

வீடு பிடித்துப்போய், வேறு வழியுமில்லை என்றால் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். "இக்குடியிருப்பு அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்று உரிமையாளர் உறுதி கூறுகிறார். அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பின் நடவடிக்கையால் குடியிருப்பைக் காலி செய்ய நேர்ந்தால், முன்னறிவிப்புக் கால வாடகை எதையும் பிடிக்காமல் முன்பணம் முழுவதையும் உடனே திருப்பித் தருவார்." அனுமதி உள்ள வீட்டுக்காரருக்கு இதில் கையெழுத்துப் போட எந்தத் தயக்கமும் இருக்காது. வரைபடத்தைக் கேட்டால் உரிமையாளர் முகம் சுளிப்பார் என்று திருப்பாதிரிப்புலியூர் நண்பர் சொன்னதற்கும் இதுதான் என் பதில்: கேள்வியாகக் கேட்காமல் ஒப்பந்த வாசகமாக நீட்டுங்கள்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம் (பதில்)

அரியாங்குப்பம் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி முள்ளோடை எல்லைக்கு வந்துவிட்டால் மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சட்டங்கள் எதுவும் பொருந்தாது. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இங்கே கிடையாது, அந்த இணையப் பதிவும் கிடையாது. இங்கே கட்டட அனுமதி கொடுப்பது புதுச்சேரி நகரமைப்புக் குழுமம். எல்லோரும் பி.பி.ஏ. என்றுதான் சொல்வோம். அடிப்படையாக உள்ளவை 1969-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2012-ஆம் ஆண்டின் கட்டடத் துணை விதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும். வரி வாங்குவது நகராட்சியோ, கொம்யூன் எனப்படும் பஞ்சாயத்து அமைப்போ. அரியாங்குப்பம் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து. ஆகவே கொம்யூன் ரசீதைக் காட்டி "அப்ரூவல் இருக்கிறது" என்று சொன்னால், "பி.பி.ஏ. வரைபட எண் என்ன?" என்று கேளுங்கள்.

பார்க்கும் முறை அதேதான்: குடியிருப்புகளின் எண்ணிக்கை, தரைத்தளத்தின் பயன்பாடு, உயரம். இங்கே வாகன நிறுத்துமிடத்தைவிட மொட்டை மாடியில்தான் விளையாட்டு அதிகம். மூன்று தளத்துக்கு அனுமதி வாங்கி, மேலே தகரக் கூரையில் ஆரம்பித்து, பிறகு சுவர் எழுப்பி, கடைசியில் "பென்ட் ஹவுஸ்" என்று விளம்பரம் கொடுப்பார்கள். உங்கள் மாமியாரால் ஏற முடியாது என்பதால் அந்த வலையில் நீங்கள் விழ மாட்டீர்கள். தகவல் உரிமை மனுவில் ஒரு வேறுபாடு உண்டு. கடலூர் மனுவின் இரண்டாம் மேல்முறையீடு சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். புதுச்சேரிக்குத் தனி ஆணையம் இல்லாததால் இங்கிருந்து அது தில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும்.

இன்னொன்று. கடலூர்ச் சாலையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. தரகர் "பாண்டி வீடு" என்று சொல்வது தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருக்கும், "கடலூர் வீடு" என்பது பாகூர் கொம்யூனில் இருக்கும். எந்தச் சட்டம் என்று பார்ப்பதற்கு முன் மின் கட்டண ரசீதைப் பாருங்கள். புதுச்சேரி மின்துறை என்று அச்சடித்திருந்தால் புதுச்சேரி, தமிழ்நாடு மின் வாரியத்தின் பெயர் இருந்தால் தமிழ்நாடு.

மாற்றலாகி வருபவர் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. வில்லங்க விவரத்தைப் பார்த்தேன். மனைப் பங்குக் கிரையங்கள் ஆறு இருக்கின்றன, கூட்டிப் பார்த்தால் மனை முழுவதும் அவற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. தரைத்தளத்தை வாடகைக்கு விடுகிறவர் அந்த ஆறு பேரில் ஒருவர். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மாவிடம் அவருடைய வரைபட நகல் இருந்தது, அன்போடு எடுத்துக் காட்டினார். எங்கள் வீடு இருக்கும் இடத்தில் வண்டி நிறுத்தும் கட்டங்கள்தான் வரையப்பட்டிருக்கின்றன; கூடத்தின் நடுவே நிற்கும் தூணும் அதில் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் டோக்கன் பணத்தைத் திருப்பித் தர முடியாது, மனம் மாறியது நாங்கள்தான் என்று தரகர் சொல்கிறார். இதற்கு ஏதாவது வழியுண்டா?

வழக்கறிஞர், மஞ்சக்குப்பம் (பதில்)

உண்டு. வாடகைக்கு விட உரிமையில்லாத இடத்தை உரிமையுள்ளதுபோல் காட்டி வீட்டுக்காரர் உங்கள் சம்மதத்தைப் பெற்றிருக்கிறார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 19-ஆம் பிரிவின்படி அந்தப் பேச்சை நீங்கள் விலக்கிக்கொள்ளலாம், 64-ஆம் பிரிவின்படி அவர் வாங்கியதைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் விசாரித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே என்று அவர் தரப்பில் வாதிட 19-ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் கேட்டபோது தரகர் வரி ரசீதையும் மின் அட்டையையும் காட்டிச் சமாதானம் சொன்னதுதான் அந்த வாதத்துக்கு உங்கள் மறுப்பு, ஆகவே அதை எழுத்தில் பதிய வையுங்கள்.

10,000 ரூபாய்க்கு நீதிமன்றம் வரை போகத் தேவைப்படாது. தரகருக்கு எழுதாமல் உரிமையாளரின் பெயருக்கே, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி, விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பணம் கொடுத்த நாள், யு.பி.ஐ. மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை எண், தரைத்தளம் வாகன நிறுத்துமிடமாகவே அனுமதிக்கப்பட்டிருப்பது, மனையில் ஆறு பங்குகள் மட்டுமே இருப்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 15 நாளுக்குள் திருப்பித் தரும்படி கேளுங்கள். மாநகராட்சியில் புகார் கொடுப்பேன் என்று அதில் எழுத வேண்டாம். பணத்தைக் கேட்கும் கடிதத்தில் அந்த வரி மிரட்டலாகப் படிக்கப்படும். புகார் கொடுக்க விரும்பினால் அதைத் தனியே கொடுங்கள், அல்லது அந்த உரிமை அதிகமாக உள்ள மேல்மாடிக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள். வரைபடத்தைக் காட்டிய அம்மாவின் பெயரைக் கடிதத்தில் எங்கும் சேர்க்காதீர்கள்.